முதலில் என் கை

கழுவி வைக்கலாம் என்று டெஸ்ட் டியூபைக் குழாயடியில் பிடித்தேன். உள்ளே இருந்த தெளிந்த திரவம் என் கண்ணெதிரே பாலாக மாறியது.

சித்திரை மாதம், உச்சிவெயில். காரைக்குடியில் அந்த நேரத்துக்கு மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். டியூபுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகவில்லை. வெளியே பட்ட சூட்டிலேயே உள்ளே இருந்தது வெளுத்துவிட்டது. எதையோ கெடுத்துத் தொலைத்தேன் என்று குழாயை மூடினேன். பக்கத்து மேடையில் வேலையாக இருந்த அக்கா டியூபை வாங்கி, ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்து அதன்மேல் சாய்த்து வைத்தார். பால் கலைந்து தண்ணீராயிற்று. மறுபடி குழாயடிக்குக் கொண்டுபோனார், பால். மறுபடி ஐஸ், தண்ணீர்.

அந்தப் பாலிமரை நாங்கள்தான் செய்திருந்தோம். முப்பத்திரண்டு டிகிரிக்குக் கீழே தண்ணீரை உறிஞ்சி விரிந்து கிடக்கும், அதற்கு மேலே போனால் தண்ணீரை உதறிவிட்டுச் சுருண்டுகொள்ளும் என்று நூலகத்தில் படித்துமிருந்தோம். படித்தபோது அது ஒரு வரி. இப்போது அது கண் முன்னால் வெளுத்து வெளுத்துத் தெளிந்துகொண்டிருந்தது.

அடுத்து அக்கா செய்ததுதான் அவரை நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது. அந்தப் பாலை ஒரு கண்ணாடித் தட்டில் கொட்டினார். சுண்டுவிரலை உள்ளே விட்டார்.

"அக்கா, இன்னும் சுத்தம் பண்ணாத சரக்குக்கா அது. மிச்ச மருந்தெல்லாம் உள்ளதான் இருக்கு."

"என் கைதானே."

விரலை வெளியே எடுத்தபோது அதன்மேல் வெள்ளையாக ஒரு தோல் ஒட்டியிருந்தது. உதறினார், போகவில்லை. நகத்தால் சுரண்டினார், இழுத்துக்கொண்டு வந்ததே தவிர விடவில்லை. பிறகு விரலை ஐஸ்மேல் வைத்தார். கொஞ்ச நேரம்தான். வெள்ளைத் தோல் கண்ணாடியாகி, கொழகொழத்து, தானாக வழுகி விழுந்தது.

விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விட்டுருச்சு புள்ள. இழுக்காமயே விட்டுருச்சு," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து: "அப்பா கால்ல கட்டுற துணி இப்பிடி விட்டா?"

அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு நான் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்காக வந்தவள். எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவேன். அக்கா அங்கே பல வருடமாக இருந்த ஆராய்ச்சி உதவியாளர். முப்பதைத் தாண்டியவர், குட்டையான உருவம், சிலுவை டாலர் கோர்த்த சங்கிலியை வெள்ளைக் கோட்டுக்குள் தள்ளி விட்டிருப்பார். நான் ஓடினால் அவர் நடப்பார், ஆனால் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார். காரணம் ஒன்றே ஒன்றுதான். நான் யோசிக்கும் நேரத்தில் அவர் தொட்டுப் பார்த்துவிடுவார்.

புதிதாக ஒன்று வந்தால் அது முதலில் அவர் உடம்பில்தான் படவேண்டும். வெந்நீர் தொட்டி எவ்வளவு சூடு என்று தெர்மாமீட்டர் வைக்கும் முன்னே கையை விட்டிருப்பார். வடிநீர் எந்திரம் ரிப்பேராகி வந்தால் முதல் டம்ளர் அவருக்கு. ஒருநாள் உலர்த்தும் அடுப்பின் தகட்டில் கரண்ட் கசிகிறது என்று எல்லோரும் தள்ளி நின்றோம். எலெக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்பியாயிற்று. அதற்குள் அக்கா செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு போய்ப் புறங்கையால் தகட்டைத் தொட்டுவிட்டார். "லேசா இருக்கு," என்றார், கையை உதறிக்கொண்டே.

"எதுக்குக்கா இப்பிடிப் பண்றீக? அவுக வந்து பாக்க மாட்டாகளா?"

"உள்ளங்கையால தொட்டா இழுத்துக்கிரும். புறங்கைன்னா கை மடங்கி விலகிரும். தெரிஞ்சுக்க."

நான் கேட்டது அதுவல்ல. அவருக்கும் அது தெரியும்.

ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒருநாள் மோர்க்குழம்பு ஒரு மாதிரி வாடை அடித்தது. பெண்கள் தட்டை வைத்துக்கொண்டு முழித்தார்கள். அன்றைக்கு என்னைப் பார்க்க வந்திருந்த அக்கா ஒரு கரண்டி வாங்கிச் சாதத்தில் ஊற்றிச் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "செத்த நேரம் பாருங்க. நான் எந்திரிச்சு நடந்தா நீங்களும் சாப்பிடுங்க," என்றார். எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் எழுந்து வராந்தாவில் அங்குட்டும் இங்குட்டும் நடந்து காட்டினார். சாப்பிட்டோம். சாயங்காலம் என் அறைத்தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். மறுநாள் சொன்னேன். அக்கா முகம் சுருங்கிப்போயிற்று. "எனக்கு ஒண்ணும் பண்ணலையே புள்ள," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அமராவதிபுதூரில் வீடு. சர்க்கரை வியாதியில் இடது பாதத்தின் ஓரத்தில் புண் வந்து மாசக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. அக்காவோடு ஒருமுறை போயிருந்தபோது கட்டுப் பிரிப்பதைப் பார்த்தேன். மருந்துத் துணி புண்ணோடு காய்ந்து ஒட்டியிருந்தது. அக்கா மதுரை டாக்டர் சொன்னபடி ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, தண்ணீர் விட்டு நனைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக எடுத்தார். அப்படியும் துணியோடு அன்றைக்குப் புதிதாக வந்திருந்த மெல்லிய தோலும் வந்தது. ரத்தம் பொடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா ஆத்தா?" என்று கேட்டுப் பக்கத்தைப் புரட்டினார். பாதத்தில் உணர்ச்சியே இல்லை. அவருக்கு வலித்திருந்தால் கத்தியிருப்பார், அக்காவும் கையை நிறுத்தியிருப்பார். எங்கே நிறுத்துவது என்று சொல்ல அந்தக் காலில் யாருமில்லை.

"நேத்து வந்த தோலு இன்னைக்குப் போகுது. இன்னைக்கு வாரது நாளைக்குப் போகும்," என்றார் அக்கா, பஸ்ஸுக்கு நிற்கும்போது. "ஸ்கூல் தொறக்குற வாரம் மதுரைக்கு வரச் சொல்லிருக்காக. அதுக்குள்ள மூடலைன்னா பாதத்தை எடுக்குறது பத்திப் பேசணும்னு சொல்லிட்டாக."

அதற்குப் பிறகுதான் அந்தக் குழாயடி மத்தியானம் வந்தது. ஆகவே அவர் சுவரைப் பார்த்துக் கேட்ட கேள்வியின் முழு எடையும் எனக்குத் தெரியும்.

யோசனை எளிது. கட்டுத் துணியின் பருத்தி இழையிலேயே இந்தப் பாலிமரை வேர்விட வைப்பது. உடம்புச் சூட்டில் அது சுருண்டு தோலைப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிந்து, வழுகி, தானே விட்டுவிடும். புதுத் தோல் அங்கேயே இருக்கும். வெளிநாடுகளில் இதே பூச்சைத் தட்டில் பூசி, அதன்மேல் செல்களை வளர்த்து, கத்தி படாமல் முழு விரிப்பாக எடுக்கிறார்கள் என்று படித்திருந்தோம். தட்டை அறை வெப்பநிலையில் வைத்தால் போதும், செல் விட்டுவிடும் என்று எழுதியிருந்தது. எந்த ஊர் அறை என்று எழுதவில்லை. எங்கள் அறையில் தெர்மாமீட்டர் முப்பத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை.

எங்கள் கைடு சார் யோசனையைக் கேட்டுவிட்டு நல்லது என்றார். முதலில் எலி, பிறகுதான் மனுஷன், அதற்கு அனுமதி வாங்க ஆறேழு மாதம் பிடிக்கும் என்றார். நியாயமான பேச்சு. அக்கா தலையாட்டினார். அவர் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

சீரியம் உப்பை வைத்துப் பருத்தியில் ஒட்டவைத்தோம். துணியைக் கழுவுவதுதான் பெரிய வேலை. பாலிமராக மாறாத மிச்ச மருந்து ஒரு துளி இருந்தாலும் புண்ணுக்கு விஷம். ஐஸ் தண்ணீரில் விரியவிட்டு, மாடித் தொட்டித் தண்ணீரில் சுருங்கவிட்டு, ஸ்பாஞ்சைப் பிழிவதுபோல அழுக்கைப் பிழிந்து எடுத்தோம். "வெயிலு நமக்குச் சும்மா வேல பாக்குது பாரு," என்பார் அக்கா. அவர் சிரித்தது அந்த நாட்களில்தான்.

துணி தயாரானதும் நான் சட்டைக் கையை மடக்கி நீட்டினேன். "ஒரு துண்டு எனக்குப் போட்டு விடுங்கக்கா. ஒட்டுதான்னு பாப்போம்."

"ஒன் கைய உள்ள வை."

"நீங்க மட்டும் பண்ணலாமா?"

"அடுத்த வீட்டுப் புள்ள நீ. உள்ள வைன்னா வை."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு நாள் அக்கா வெள்ளைக் கோட்டின் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். அந்த வெயிலில். மூன்றாம் நாள் மத்தியானம், கைடு சார் சாப்பிடப் போனதும், கதவைச் சாத்திவிட்டுக் கோட்டைக் கழற்றினார்.

இடது முன்கையின் உட்பக்கத்தில் எங்கள் துணி. உள்ளங்கை அகலம். சுற்றிலும் தோல் சிவந்திருந்தது.

"நல்ல தோல்ல ஒட்டி என்ன பிரயோசனம்? புண்ணுல ஒட்டணுமே," என்றார். "எமரித் தாள்ல தேச்சேன். புதுத் தாளுதான், ஸ்பிரிட் போட்டுத் தொடச்சேன்."

எமரித் தாள் நாங்கள் உலோகத் தகடுகளைப் பளபளப்பாக்க வைத்திருக்கும் உப்புத்தாள். அவர் ஒரு கையால் பிடித்து மறு கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி எனக்குள் வந்துவிட்டது.

"நீ ஊத்து. நான் பாக்குறேன்."

குழாயில் பீக்கரைப் பிடித்து ஊற்றினேன். அந்தச் சமயத்தில் எனக்கு எது மறந்ததென்றால், எங்களுக்கு இந்த யோசனையைக் கொடுத்ததே அந்தக் குழாயின் சூடுதான் என்பது. துணி வெளுத்தது. ஓரங்கள் இறுகிச் சுருங்கின. அக்காவின் தாடை எலும்பு புடைத்துக்கொண்டு வந்தது.

"சுடுதண்ணி," என்றார்.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே வெளிச்சம் வரவில்லை. காலையிலேயே கரண்ட் போயிருந்தது. ஐஸ் தட்டில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் நின்றது. பின்னால் திரும்பினால் அக்கா துணியின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தார். ஒரு மூலை வந்துவிட்டது. கூடவே ஒரு நூல் கனத்துக்கு ரத்தம்.

மணிக்கட்டைப் பிடித்தேன். "இழுக்காதீகக்கா."

"விடு. எனக்குத் தாங்கும்."

"உங்களுக்குத் தாங்கும்கா. இழுத்து எடுக்கிறதுக்கு நம்ம துணி எதுக்கு? பழைய துணியே போதுமே. அப்பாவுக்கு என்னன்னு சொல்லுவீக?"

துணியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் தளர்ந்தன.

சலைன் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர் கையில் சுத்தமான துண்டைச் சுற்றி, வெளிக்கேட்டுக்கு எதிரே இருந்த சோடாக்கடைக்கு நடந்தோம். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. கடைக்கார அண்ணன் மரத்தூள் மூடிய ஐஸ் பெட்டிக்குள் சோடா பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டிலையும் அதற்குள் சொருகினேன்.

"என்னத்தா இது, மருந்து பாட்டில இங்கன வைக்கிறீக? எவனாவது கலர்னு எடுத்துக் குடிச்சான்னா?"

"கொஞ்ச நேரந்தாண்ணே. எடுத்துருவோம்."

"கையில என்ன?"

"அடி," என்றார் அக்கா.

"அடிக்குப் பன்னீர் சோடாவா வைத்தியம்?"

யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவர் பேச்சை விட்டுவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். துண்டுக்கு வெளியே தெரிந்த தோல் இன்னும் சிவந்துகொண்டே போவதுபோல் எனக்குப் பட்டது. துணிக்குள் ஏதாவது மிச்ச மருந்து இருந்திருந்தால்? கழுவியது போதாமல் இருந்தால்? அக்கா எதிரே போன டவுன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் நின்று சொட்டியது. துடைக்கவில்லை.

பாட்டிலை எடுத்தபோது வெளியே பனித்திருந்தது. துண்டை விலக்கி ஊற்றினேன்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஊற்றினேன். வெள்ளைத் துணியின் நடுவில் ஒரு நிழல் விழுந்தது. அது பரவியது. துணி கண்ணாடி மாதிரி ஆகி அடியில் இருந்த தோல் தெரிந்தது. அக்கா கையைச் சாய்த்தார். துணி, யாரும் தொடாமல், வழுகி அவர் மடியில் விழுந்தது. நான் தடுப்பதற்குள் அக்கா கிளப்பிவிட்ட மூலையைத் தவிர, புண் முழுக்க ரோஜா நிறத்தில் மெல்லிசாக ஒரு தோல் மினுங்கியது. ரத்தம் இல்லை.

கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்து, "ஆறிப்போச்சே," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வந்ததும் இரண்டு பேரும் அமராவதிபுதூருக்கு பஸ் ஏறினோம். தெர்மாஸ் பிளாஸ்கில் ஐஸ் தண்ணீர், பொட்டலத்தில் துணி, பையில் ஆய்வகத்துத் தெர்மாமீட்டர். பஸ்ஸிலேயே நான் ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தேன். புண்மேல் வைக்கக்கூடாது. பக்கத்தில் நல்ல தோல்மேல் மட்டும், அதுவும் கொஞ்ச நேரம். அக்கா ஒத்துக்கொண்டது ஆச்சரியம்தான். அவர் கையில் துணி ஜெயித்ததால் அவசரம் கொஞ்சம் அடங்கியிருந்தது என்று நினைக்கிறேன்.

"என்னத்தா, ரெண்டு பேரும் விஞ்ஞானம் பண்ண வந்துட்டீகளா?" என்று சார் காலை நீட்டினார்.

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு, புண்ணுக்கு நாலு விரல் தள்ளித் துணியை வைத்து அழுத்தினார். கையை எடுத்தார். துணி நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சரிந்தது. அக்கா மறுபடி வைத்து அழுத்தினார். மறுபடி சரிந்தது. வெளுக்கவே இல்லை. ஈரமாக, கண்ணாடியாக, குளிர்ந்த தண்ணீர் ஊற்றியதுபோல வழுகி வழுகி இறங்கிப் பாயில் விழுந்தது. நாங்கள் பிளாஸ்கைத் திறக்கவே இல்லை.

"ஒட்டலையா?" என்றார் சார்.

அக்கா துணியை எடுத்துத் தன் முன்கையில் வைத்தார். உடனே வெளுத்துப் பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு மோர்க்குழம்பு ஞாபகம் வந்தது. எனக்கு ஒண்ணும் பண்ணலையே புள்ள.

"அக்கா, கையுறையைக் கழட்டிட்டு அப்பா காலத் தொட்டுப் பாருங்க," என்றேன்.

எல்லாவற்றையும் வெறுங்கையால் தொட்டவர் இந்த ஒரு காலை மட்டும் மாசக்கணக்கில் ரப்பருக்குள்ளிருந்துதான் தொட்டிருந்தார். இடது கையுறையைக் கழற்றினார். புறங்கையை அப்பாவின் பாதத்தில் வைத்தார். எடுத்தார். முழங்காலில் வைத்தார். மறுபடி பாதத்தில்.

"சில்லுனு இருக்கு," என்றார்.

துணி வைத்த இடத்தில் தெர்மாமீட்டரைச் சேர்த்துக் கட்டினோம். இருபத்தொன்பதில் நின்றது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது; கனத்த சுவரும் தண்ணீர் தெளித்த தரையுமான அந்த வீட்டுக்குள் மட்டும் குளிர்ச்சி. அந்தப் பாதத்துக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேரவில்லை. எங்கள் துணிக்கு அது மனுஷ உடம்பே இல்லை, ஒரு தம்ளர் தண்ணீர்.

அக்கா வெகுநேரம் அந்தப் பாதத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை. சார் பேப்பரை மடித்து வைத்தார். "உன் கைச்சூடு வேற, என் கால்சூடு வேறத்தா. கணக்குல ஒரு ஆளப் பாத்து ஊருக்கே விடை எழுதுனா நான் மார்க் போட மாட்டேன்," என்றார். கேலிக்குத்தான் சொன்னார். அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் மதுரைக்குப் போனபோது கால் குளிர்ந்து கிடப்பதைத்தான் அக்கா முதலில் சொன்னார். டாக்டர் முழங்காலுக்குப் பின்னால் விரலை வைத்து வெகுநேரம் நாடி தேடினார். வேறு பிரிவுக்கு அனுப்பி, ரத்தக் குழாய்க்கு வைத்தியம் ஆரம்பித்தார்கள். இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. எங்கள் துணிக்கு அதில் பங்கு கிடையாது. அது அப்போது தயாராகவே இல்லை.

நான் ப்ராஜெக்டை முடித்துப் பெங்களூருக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. குளிரூட்டிய ஆய்வகம், நாள் முழுக்க சில்லிட்ட கைகள். அக்கா அங்கேயே, அதே மேடையில். தண்ணீரை வெறுக்கும் இன்னொரு மூலப்பொருளைக் கொஞ்சம் கலந்து, முப்பத்திரண்டில் இருந்த திரும்புமுனையைக் கீழே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். முறைப்படி எலிகளுக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, அனுமதியும் கிடைத்துவிட்டது. சென்ற வாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார்.

"இருபத்தாறுல நிக்குது புள்ள. குளுந்த கால்லயும் பிடிக்கும், ஐஸ் தண்ணி ஊத்துனா விடும். அடுத்த மாசம் மதுரையில ஆரம்பிக்கிறோம்."

"உங்க கையில போட்டுப் பாத்தீகளா?" என்று கேட்டேன், பதில் தெரிந்தே.

பூத்துக்கு வெளியே பஸ் ஹார்ன் கேட்டது.

"போட்டேன். ஐஸ் வாளியில கைய வச்சு, அப்பா கால் மாதிரி ஆன பொறவு."

"அக்கா."

"திட்டாத. சொல்றதக் கேளு. பிடிச்சுச்சு, விட்டுச்சு. ஆனா அது என் ஒருத்தி கைதானே? பத்தாது." மறுபடி ஹார்ன். "கைடு சாரு, நம்ம கேட்டு வாட்ச்மேன் அண்ணன், சோடாக்கடைக்காரரு எல்லாரும் சம்மதிச்சு எழுதிக் குடுத்துருக்காக. புண்ணெல்லாம் இல்ல, நல்ல தோலுலதான். உன் கை எப்பவும் சில்லுனு இருக்குமே. நீட்டுவியா?"

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை, மாடித் தொட்டி சூடேறுவதற்குள், முதலில் என் கை.